சாதா காஸா, விலை உயர்ந்த ஃபோமா? சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு எந்தக் கட்டு சரி? - முழு விளக்கம்

மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். "அண்ணே, அப்பாவுக்கு சுகர். கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. நல்லதா ஒரு மருந்து குடுங்க." கடைக்காரர் ஒரு ஆயின்மென்ட்டை எடுத்து வைப்பார். அது சரிப்படவில்லை என்றால் அடுத்த வாரம் ஜெல். அதற்கும் அடுத்த வாரம் வெள்ளி கலந்த கட்டு. விலை ஏறிக்கொண்டே போகும். புண்ணும் பல சமயம் பெருசாகிக்கொண்டே போகும்.

இந்தக் கட்டுகளில் எதுதான் உண்மையிலேயே புண்ணை ஆற்றும்? இதை உலகம் முழுக்க ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். அதில் என்ன தெரியவந்தது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் சேற்றிலும் வரப்பிலும் நடக்கும் கால்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பார்க்கலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விலை அதிகமான கட்டு, சாதா காஸ் கட்டைவிட வேகமாகப் புண்ணை ஆற்றும் என்பதற்கு ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர உறுதியான ஆதாரம் இல்லை. காலைக் காப்பாற்றுவது கட்டைவிட, அந்தக் கால் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். சொல்ல ஈஸி, செய்வது கஷ்டம். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சுகருக்கும் கால் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அந்த ஆய்வு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வந்து அவதிப்படுகிறார்கள் என்பது சர்வதேசக் கணக்கு.

பல வருஷம் சர்க்கரை கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் காலில் உள்ள நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கின்றன. முள் குத்தினால் தெரியாது. சூடு பட்டால் தெரியாது. செருப்புக்குள் சின்னக் கல் கிடந்தாலும் சாயந்திரம் வரை அதன் மேலேயே நடப்பார்கள். இதோடு ரத்தக் குழாய்களும் அடைபட்டிருந்தால், புண்ணை ஆற்ற வேண்டிய ரத்தமும் கால் விரல் வரை போய்ச் சேராது.

டெல்டாவில் இதற்குக் காரணங்கள் தனியாக வேறு இருக்கின்றன. நடவு நேரத்தில் நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நின்றால் விரலிடுக்குத் தோல் வெளுத்து, ஊறி, வெடித்துவிடும். ஊரில் அதைச் சேற்றுப்புண் என்கிறோம். உணர்ச்சி உள்ள காலில் அது எரியும், அரிக்கும், ரெண்டு நாளில் தெரிந்துவிடும். உணர்ச்சி போன காலில் அதன் வழியாகவே கிருமி உள்ளே போய்விடும். வயலில் நத்தை ஓடு, வரப்பில் கருவேல முள், வாய்க்கால் ஓரத்தில் உடைத்துப் போட்ட குவார்ட்டர் பாட்டில் சில்லு. வெயில் நேரத்தில் பெரிய கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று சுற்றிவந்து, வீட்டுக்குப் போன பிறகு பாதத்தில் கொப்புளத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. தூங்கும்போது எலி கடித்தது கூடத் தெரியாமல், காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்று இந்திய மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் இருக்கின்றன.

வலி இல்லை என்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் வாரங்களில்தான் கால் போகிறது.

கட்டு என்னதான் செய்கிறது?

புண்ணைக் காற்றாட விட்டால் காய்ந்து சீக்கிரம் ஆறும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சின்னக் காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டார், சிலவற்றை பாலித்தீன் தாள் போட்டு மூடினார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. இன்று விற்கும் எல்லா நவீனக் கட்டுகளுக்கும் மூலம் அந்த ஒரு சோதனைதான்.

ஈரம் வேண்டும் என்றால் நனைந்து ஊற வேண்டும் என்று அர்த்தமில்லை. புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெள்ளை வெளேரென்று ஊறிப்போனால் ஈரம் அதிகம். கட்டைப் பிரிக்கும்போது காஸ் ஒட்டிக்கொண்டு புதுத் தசையையும் பிய்த்துக்கொண்டு வந்தால் ஈரம் போதவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்திருப்பதுதான் கட்டின் வேலை. மருந்து மாதிரி உள்ளே போய் எதையும் குணமாக்குவது இல்லை.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. விரல் கறுத்து, காய்ந்து, சுருங்கிப்போயிருந்தால் அதை ஈரப்படுத்தக் கூடாது. ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போன தசை அது. ஜெல் தடவி ஈரமாக்கினால் கிருமி புகுந்து அழுகல் மேலே ஏறும். அதைக் காய்ந்தபடியே வைத்துக்கொண்டு, ரத்தக் குழாய் சோதனைக்கு ஓட வேண்டும்.

கடையில் என்னென்ன இருக்கிறது?

முதலில் சாதா காஸ். உப்புநீரில் நனைத்துப் பிழிந்து வைப்பார்கள். அதுவே எண்ணெய்ப் பசை தடவி ஒட்டாத காஸாகவும் வரும். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் தினமும் மாற்ற வேண்டும்.

அடுத்தது பழுப்பு நிறத்தில் இருக்கும் போவிடோன் அயோடின். கிருமியைக் கொல்லும். அதிகமாக ஊற்றினால் வளர்ந்து வரும் புது செல்களையும் பாதிக்கும். அந்தக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் குளோரின் வாடை அடிக்கும் யூசால் தண்ணீரை ஊற்றிக் கட்டுவார்கள், வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே காரணத்துக்காகத்தான் அதன் பயன்பாடு குறைந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்து "அழுக்கு வருது" என்று சந்தோஷப்படுகிறோம். அந்த நுரையில் நல்ல செல்லும் சேர்ந்துதான் சாகிறது.

ஹைட்ரோஜெல் பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்து தோல் மாதிரி மூடிய புண்ணை இளக்கும். ஹைட்ரோகொலாய்டு என்பது ஒட்டும் தகடு, புண் நீர் பட்டால் உள்ளுக்குள் கூழாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாததால் சீழ் இருக்கும் புண்ணில் ஒட்டக் கூடாது. ஆல்ஜினேட் கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவில் எடுக்கும் பழுப்புப் பாசியிலும் இதே ஆல்ஜினேட்தான் இருக்கிறது. நீர் நிறைய வடியும் புண்ணுக்குப் பொருந்தும். ஃபோம் கட்டு மெத்தென்ற பஞ்சு மெத்தை மாதிரி, நீரை உறிஞ்சிக்கொண்டு சில நாட்கள் வரை தாங்கும்.

இதற்கு மேல் வெள்ளி கலந்தது, தேன் தடவியது, கொலாஜன், வளர்ச்சிக் காரணி ஜெல் என்று பட்டியல் நீள்கிறது. ஆஸ்பத்திரியில் புண்ணின் மேல் ஃபோம் வைத்து, ஒட்டி, குழாய் வழியாக நீரை உறிஞ்சும் வேக்கம் கட்டும் உண்டு. ஆபரேஷனில் அழுகிய பகுதியை எடுத்த பிறகு வரும் பெரிய காயத்துக்கு அது உதவுகிறது. சின்னப் புண்ணுக்கு அது வேண்டாம்.

நேருக்கு நேர் மோதவிட்டால் ஜெயித்தது யார்?

2009-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. சர்க்கரை நோயால் கால் புண் வந்த 317 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒட்டாத சாதா காஸ். இன்னொரு பிரிவுக்கு அயோடின் கலந்த கட்டு. மூன்றாவது பிரிவுக்கு நீரை உறிஞ்சிக் கூழாகும் நவீன நார்க் கட்டு. 24 வாரம் கழித்துப் பார்த்தால் புண் ஆறியவர்கள் சாதா காஸில் சுமார் 39 சதவீதம், அயோடினில் 44, நவீனக் கட்டில் 45. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, ஒன்று இன்னொன்றைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது என்பதுதான் முடிவு. செலவில் மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சாதா காஸ்தான் மலிவு.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் இந்தத் தலைப்பில் வெளிவந்த தொகுப்பாய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தது. எந்தக் கட்டும் மற்றதைவிட மேல் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்று முடித்தது. ஹைட்ரோஜெல் சாதா கட்டைவிடக் கொஞ்சம் நல்லதாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு. ஆனால் அந்த ஆய்வுகள் சின்னவை, தரமும் சுமார். விலையையும், புண் எவ்வளவு நீர் வடிக்கிறது என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே அவர்கள் சொன்ன யோசனை.

சர்க்கரை நோயாளிகளின் கால் பற்றி வழிகாட்டும் சர்வதேசப் பணிக்குழுவும் 2023-ல் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. புண்ணை ஆற்றுவதற்காக என்று வெள்ளிக் கட்டோ, தேன் கட்டோ, கொலாஜனோ பயன்படுத்த வேண்டாம் என்றது.

விதிவிலக்கு ஒன்று, சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் தடவிய கட்டு. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 240 பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், 20 வாரத்தில் இந்தக் கட்டு போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. அதே மாதிரியான, மருந்து இல்லாத கட்டு போட்டவர்களில் 30 சதவீதம். நரம்பும் பாதித்து, ரத்த ஓட்டமும் ஓரளவு குறைந்து, கிருமித் தொற்று இல்லாத புண்ணுக்கு மட்டும், மற்ற சிகிச்சைகளைச் சரியாகச் செய்தும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் இதை யோசிக்கலாம் என்கிறது பணிக்குழு. இன்னொன்று, நோயாளியின் சொந்த ரத்தத்தைச் சுழற்றி வெள்ளையணு, பிளேட்லெட் அடங்கிய வட்டுபோல் எடுத்துப் புண் மேல் வைப்பது. 2018 ஆய்வில் 20 வாரத்தில் 34-க்கு 22 சதவீதம் என்று முன்னிலை. இரண்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் காலக்கெடுவுக்குள் புண் மூடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேலூரில் தெரிந்த விஷயம்: மாவுக்கட்டு

கட்டுக்கும் கட்டுக்கும் போட்டி வைத்தால் இப்படி ஐந்து, பத்து சதவீதத்தில் இழுபறி. கட்டுக்கும் மாவுக்கட்டுக்கும் போட்டி வைத்தால் கதையே வேறு.

இதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் ஆறாத புண் வந்து, விரல்களும் பாதமும் தேய்ந்துபோவதைப் பார்த்தார். நோய் சதையைத் தின்கிறது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் வலி தெரியாததால் புண் மேலேயே திரும்பத் திரும்ப மிதித்து நடப்பதுதான் காரணம் என்று பிராண்ட் காட்டினார். எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டை அந்தக் கால்களுக்குப் போட்டார்கள். பாரம் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பரவியது. வருஷக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, அங்கிருந்து அதே முறை சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பரவியது.

1989-ல் அமெரிக்காவில் 40 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. மாவுக்கட்டு போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது, சராசரியாக 42 நாளில். வழக்கமான கட்டு மட்டும் போட்ட 19 பேரில் ஆறியது 6 பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான். ஆனால் பிறகு வந்தவையும் இதே திசையில்தான் போயின. 2001-ல் வந்த ஆய்வில், கழற்ற முடியாத மாவுக்கட்டில் 12 வாரத்தில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65 சதவீதம், பாதிச் செருப்பில் 58.

கழற்ற முடிந்தால் ஏன் குறைகிறது? கழற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். 2003-ல் நோயாளிகளின் இடுப்பிலும் பூட்ஸிலும் கருவி வைத்து எண்ணிப் பார்த்தார்கள். எடுத்து வைத்த அடிகளில் 28 சதவீதம் மட்டுமே பூட்ஸோடு. வலி இல்லாத கால், வீட்டுக்குள் நாலு எட்டுதானே என்று நடந்துவிடும்.

எல்லோருக்கும் மாவுக்கட்டு போட முடியாது. கிருமித் தொற்று இருந்தாலோ, ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ போடக் கூடாது. உள்ளங்காலில் வரும் புண்ணுக்குத்தான் இது. பழகியவர்கள் கையால் போட வேண்டும், சுருக்கம் விழுந்தால் அதுவே புதுப் புண்ணாகிவிடும். மாவுக்கட்டு வசதி இல்லாத இடங்களில் ஃபெல்ட்டை வெட்டிப் புண் உள்ள இடத்தை விட்டுச் சுற்றிலும் ஒட்டுவது, குதிகாலில் மட்டும் நிற்கும் பாதிச் செருப்பு, ஊன்றுகோல் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. டாக்டரிடம் "எந்தக் கட்டு நல்லது?" என்று கேட்பதோடு "இந்தக் கால்ல பாரம் விழாம இருக்க என்ன பண்ணலாம்?" என்றும் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

"நடவு நேரத்துல கால நீட்டி உக்கார முடியுமா?"

நியாயமான கேள்வி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வந்தால் குறுவை நடவு. அப்புறம் சம்பா, தாளடி. நடவு இயந்திரம் வந்துவிட்டாலும் நாற்றுப் பறிக்கவும், களை எடுக்கவும், இயந்திரம் இறங்காத வயலில் நடவும் இன்னும் பெண்கள் கைதான். ஆறு வாரம் கால் ஊன்றாதே என்று சொன்னால், அந்தப் பருவத்துக் கூலி மொத்தமும் போய்விடும். ஃபோம் கட்டின் விலை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சிகிச்சையில் உண்மையான செலவு இதுதான், இதை எந்தக் கட்டுக் கம்பெனியும் பெட்டியில் அச்சடிப்பதில்லை.

அதனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். இப்போது ஆறு வாரக் கூலி போவதா, பின்னால் கால் போய் எல்லாப் பருவத்துக் கூலியும் போவதா? கால் புண் வந்த சர்க்கரை நோயாளிகளில் ஐந்து வருஷத்துக்குள் இறப்பவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் என்கின்றன சர்வதேச ஆய்வுகள். அது சில புற்றுநோய்களைவிட மோசமான எண்.

கட்டோடு வயலில் இறங்கி, மேலே பாலித்தீன் கவரைக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பிரயோஜனம் இல்லை. கவருக்குள் வியர்வை ஊறும், சேற்றுத் தண்ணீரும் உள்ளே போய்விடும். ஒரு வாரம் தாங்கும் ஃபோம் கட்டு போட்டிருந்தாலும் சேறு பட்ட அன்றைக்கே அதை மாற்றியாக வேண்டும். கொடுத்த காசு சேற்றோடு போச்சு.

அதற்காக நவீனக் கட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் காஸ் மாற்ற பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய ஒருவர், கூடவே ஒரு ஆளையும் கூட்டிவர வேண்டும் என்றால் ரெண்டு பேர் கூலி போகிறது. அவருக்கு மூணு நாளைக்கு ஒருதடவை மாற்றினால் போதும் என்கிற கட்டு, விலை கூடினாலும் மொத்தத்தில் லாபமாக இருக்கலாம். நீர் நிறைய வடிகிற புண்ணுக்கும் அப்படித்தான். வசதிக்காக வாங்குங்கள், வேகமாக ஆறும் என்று நம்பி வாங்காதீர்கள்.

மஞ்சள், காபித்தூள், மத்தன் தைலம்

மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், புகையிலை, எருக்கம்பால். இவற்றில் எதையும் திறந்த சர்க்கரைப் புண்ணில் வைக்க வேண்டாம். தூள் புண்ணுக்குள் கட்டியாகத் தங்கிவிடும், எருக்கம்பால் தோலை வெந்துபோகச் செய்யும். உணர்ச்சி இல்லாத காலில் வெந்ததும் தெரியாது. சூடான ஒத்தடமும் அதே காரணத்தால் கூடாது.

சித்த மருத்துவத்தில் இதற்கென்றே ஒரு மருந்து உண்டு: மத்தன் தைலம். ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுவது. துத்தம் என்றால் தாமிரம் உள்ள உப்பு, பச்சை நிறத்துக்கு அதுதான் காரணம். பலருக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் மற்ற கட்டுகளோடு மோதவிட்ட பெரிய ஆய்வு எதையும் ஆதாரமாகக் காட்டும் நிலையில் இது இல்லை. பயன்படுத்துவதாக இருந்தால் சித்த மருத்துவர் பார்த்து, கூடவே சர்க்கரைக்கும் தொற்றுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் சிகிச்சை நடக்க வேண்டும். சென்னை ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை மருத்துவர்கள், பல மூலிகை சேர்ந்த ஒரு களிம்பை 40 பேரிடம் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் மூலிகைக் களிம்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆற்றின. மறுபடி அதே கதை. மேலே தடவுவது மாறினால் பெரிதாக எதுவும் மாறவில்லை.

கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையும், பிளேடால் காய்ப்பைச் சீவுவதும் சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டவே வேண்டாம். பட்டையில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். காய்ப்பை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரியில். புண்ணைச் சுற்றித் தடித்த காய்ப்பு இருக்கும்வரை எந்தக் கட்டு போட்டாலும் வேஸ்ட். அடியில் கல் வைத்து நடப்பதற்குச் சமம் அது.

வீட்டில் கட்டு மாற்றும்போது

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டிலால் புண்ணைக் கழுவுங்கள். காஸ் ஒட்டியிருந்தால் இழுக்காமல் சலைன் விட்டு ஊறவைத்து எடுங்கள். பஞ்சை நேரடியாகப் புண் மேல் வைக்க வேண்டாம், நார் உள்ளே தங்கிவிடும். கட்டை இறுக்கிச் சுற்றாதீர்கள், விரல் நுனி வெளியே தெரிய வேண்டும்.

இதோடு ஒரு காரியம் செய்யலாம், கையில் மொபைல் இருக்கிறதே. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், புண் பக்கத்தில் ஸ்கூல் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், இதே சிகிச்சையில் 12 வாரத்தில் அது ஆறும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. அப்போது ஆயின்மென்ட்டை மாற்றிப் பார்க்காமல், ரத்தக் குழாய் அடைப்பு இருக்கிறதா, எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா, பாரம் எங்கே விழுகிறது என்று முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் அந்த நாலு போட்டோவையும் காட்டினால் பேச்சு சுலபமாக முடியும்.

கிருமித் தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை. கடையில் கேட்டு வாங்கிப் போடுவதால் புண் சீக்கிரம் ஆறாது.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், கால் வீங்கினால், வாடை அடித்தால், சீழ் வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், காரணமே இல்லாமல் சர்க்கரை திடீரென்று ஏறினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடலாம். டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, கும்பகோணத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புண் இல்லாதவர்களும் வருஷத்துக்கு ஒருமுறையாவது காலைக் காட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் சகோதரியிடமே "காலையும் ஒரு தடவை பாருங்கம்மா" என்று கேட்கலாம். வீட்டிலேயே ஒரு சோதனையும் உண்டு. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் ஒரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்கு உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆறின பிறகு?

ஆறிய புண் ஒரு வருஷத்துக்குள் மறுபடி வரும் வாய்ப்பு 40 சதவீதம். ஐந்து வருஷத்தில் 65. அதனால் புண் மூடிய அன்றைக்கே பழைய ரப்பர் செருப்புக்குத் திரும்பக் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைக்கும். மெத்தென்ற ரப்பர், பின்னால் வார். தொழுநோயாளிகளுக்காக வந்த செருப்புதான் இதுவும். கட்டைவிரலை இடுக்கும் வார் இல்லாததாகப் பாருங்கள். சாயந்திரம், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் போட வேண்டும், அதற்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடைப்பயணம் போகும் வழக்கம் இங்கே பல குடும்பங்களில் உண்டு. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், முன்பு ஒருமுறை புண் வந்தவர்கள் இதில் நடக்காமல் பஸ்ஸில் போவதே நல்லது. நடந்தே தீருவேன் என்பவர்கள் செருப்பும் சாக்ஸும் போட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட வருபவரிடம் உள்ளங்காலைக் காட்டச் சொல்லுங்கள். கோயில் பிரகாரத்துக்கு வெயிலுக்கு முன்னால், காலை நேரத்தில், சாக்ஸோடு போகலாம். வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே சாக்ஸ். போடுவதற்கு முன் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். கால் சொல்லாததைக் கை சொல்லும்.